ஏலத்தில் எடுத்த வண்டி

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். கடல்காற்று உன் இருமலை என்ன செய்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒரு நல்ல செய்தி. நம் சலவைக்கடைக்கு வண்டி கிடைத்துவிட்டது. அரசாங்கம் பிடித்துவைத்த, கேட்பாரில்லாத வண்டிகளை இணையத்தில் ஏலம் விடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரிக் காவலாளி அத்தானிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இஸ்திரி மேசையில் ஃபோனைச் சாய்த்துவைத்துக்கொண்டு அதே வேலை. நேற்று மத்தியானம் ஏலம் முடிகிற நேரத்தில் முகம் தெரியாத யாரோ ஒருவர் நம்மோடு மல்லுக்கு நின்றார். கடைசி நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளுமாம். அது நீண்டுகொண்டே போனது. நான் ஈரப் போர்வையைப் பிழியாமல் பிடித்தபடி நின்றதில் தரையெல்லாம் தண்ணீர். ஒருவழியாக அந்த ஆள் விட்டுவிட்டார். அத்தான் துள்ளிக் குதிக்கவில்லை. ஃபோனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, இனிமேல் வாடகை வண்டிக்காரன் மூஞ்சியில் முழிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளை வேன், பின்பக்கம் மூடினது. நான்கு படம் போட்டிருந்தார்கள், எல்லாமே வெளியிலிருந்து எடுத்தவை. ஓட்டிப் பார்க்க முடியாது, இஞ்சினைக் கிளப்பிப் பார்க்கவும் விடமாட்டார்கள். இருக்கிறது இருக்கிறபடி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கையிருப்பு முழுவதையும் கட்டியாகிவிட்டது.

இஞ்சின்களோடு குடித்தனம் நடத்துகிற உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டோம் என்று முறுக்கிக்கொள்ளாதே. உன் தீவுக்குக் கடிதம் போய்ப் பதில் திரும்புவதற்குள் பத்து ஏலம் முடிந்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 28

அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருமல் போய்விட்டது, நிஜமாகவே. உன் கடிதத்தை நேற்றுதான் சாமான் படகு கொண்டுவந்தது. இந்த வானிலை நிலையத்தில் ஒயர்லெஸ் இருக்கிறது, ஆனால் அது அலுவலகச் செய்திக்கு மட்டும். நான் ஜெனரேட்டரைத் துடைத்துக்கொண்டே நேற்றிலிருந்து உன் வண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முறுக்கிக்கொள்ளவில்லை. பயப்படுகிறேன். வேன் ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலத்தில் ஏலத்தில் வந்த வண்டிகள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. சில நன்றாகவே ஓடும். சில வெள்ளத்தில் முழுகினவை. இருக்கைத் துணியைக் கிழித்தால் உள்ளே சேறு இருக்கும். பிரேக் குழாய்களை மாற்றாமல் ஆஸ்பத்திரி மேட்டில் இறங்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்.

அதைவிட முக்கியமாக ஒன்று. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், மிதியடிக்குக் கீழே, வண்டியின் அடையாள எண்ணான சேஸிஸ் நம்பர் வெட்டியிருக்கும். அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் அப்படியே தாளில் ஏறிவிடும். அந்தத் தாளை எனக்கு அனுப்பு. ஒரு நம்பரின் முகத்தைப் பார்த்தாலே வண்டியின் யோக்கியதை பாதி தெரிந்துவிடும்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

சுகம். கொதிகலன் பக்கத்தில் நின்று நின்று எனக்குக் கையில் வேர்க்குரு, வேறொன்றும் இல்லை. நீ மெலிந்திருப்பாய் என்று தோன்றுகிறது.

வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. பிடித்த வண்டிகளை நிறுத்திவைக்கிற அரசாங்க யார்டில் இடுப்பு உயரத்துக்குப் புல். அதற்குள் வண்டிகள் மாடுகள் படுத்திருப்பதுபோலக் கிடந்தன. நம்முடையதற்குச் சாவி இல்லை. பூட்டுக்காரரைக் கூட்டிப்போய்ச் செய்துகொண்டோம். பேட்டரி போட்டதும் ஒரே முறுக்கில் கிளம்பியது. அத்தான் அரைமணி நேரம் உள்ளேயே குனிந்து என்னவோ பார்த்தார். பிறகு அலுவலக அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வருகிற வழியெல்லாம் பேச்சே இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிரேக் குழாய், டயர் எல்லாம் மாற்றியாயிற்று. பின்பக்கத்தில் பள்ளம் பள்ளமாக வெட்டின மரச்சட்டங்கள் அடித்திருந்தன. மூட்டை வைக்க இடைஞ்சலாக இருந்ததால் பிடுங்கிக் கொதிகலனில் போட்டோம். இப்போது ஆஸ்பத்திரித் துணி முழுவதும் ஒரே நடையில் வந்துவிடுகிறது. வார்டுத் தலைமை நர்ஸ் என்னைப் பார்த்து, முதலாளியம்மா என்று கேலி செய்கிறார்.

ஆஸ்பத்திரித் துணி அறைக்கு வெளியே ஒருவர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஐம்பது வயதிருக்கும். விலைக்குக் கேட்க வந்தவராக இருக்கும் என்கிறார் அத்தான்.

தலைக்கு எண்ணெய் வை. எழுது.

அக்கா


மார்ச் 3

அக்கா,

நலம். வேர்க்குருவுக்குக் குளிர்ந்த தண்ணீரில் குளி.

புல்லைப் பற்றி எழுதினாய், பூட்டுக்காரரைப் பற்றி எழுதினாய். நான் கேட்ட பென்சில் தாளைப் பற்றி மட்டும் எழுதவில்லை. மறந்துவிட்டாயா, யாராவது வேண்டாம் என்றார்களா?

அந்த மரச்சட்டத்தின் பள்ளம் என்ன அகலம்? விரல் நுழையுமா? வண்டி உன் பெயருக்கு மாறிவிட்டதா?

இவ்வளவுதான். படகு காத்திருக்கிறது.

தம்பி


மார்ச் 19

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தத் தடவை அத்தான் எழுதுகிறேன். உன் அக்காவுக்குக் கைநிறைய வேலை. நாங்கள் சௌக்கியம், நீயும் அப்படியே இருப்பாய்.

உன் கடிதத்தைப் படித்தேன். மச்சான், நீ தீவில் தனியாக உட்கார்ந்து ஜெனரேட்டரோடு பேசிப் பேசி, எல்லாச் சத்தத்திலும் கோளாறு தேடுகிறாய். வண்டி குதிரை மாதிரி ஓடுகிறது. நம்பர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. அரசாங்கக் காரியம், அவர்கள் வேகத்தில்தான் நடக்கும். விற்றவர்களே அரசாங்கம் என்கிறபோது நமக்கென்ன கவலை? திருட்டுச் சந்தையிலா வாங்கினேன்?

உன் அக்கா உன் எழுத்தைப் பார்த்தாலே தூக்கம் கெட்டுக் கிடக்கிறாள். அவளைக் கலக்காதே. வேறு ஏதாவது எழுது. மீன் பிடிப்பாயாமே, அதைப் பற்றி எழுது.

விடுமுறையில் வா. வண்டியில் ஊர் சுற்றிக் காட்டுகிறேன்.

அத்தான்


ஏப்ரல் 6

தம்பி,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதற்குப் பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே. ஆஸ்பத்திரித் துணி அறை, தலைமை நர்ஸ் மேற்பார்வை என்று போடு. அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அவர் இப்போது கடைக்கே வருகிறார். வாரம் ஒருமுறை ஒரே ஒரு சட்டை கொண்டுவருகிறார். அழுக்கே இல்லாத சட்டை. அதைக் கொடுத்துவிட்டு முற்றத்தில் நிற்கிற வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடக்கிறார். பின்கதவின் கீழ்க்கீலைக் குனிந்து பார்க்கிறார். கேட்டால், வெயிலுக்கு ஒதுங்கினேன் என்கிறார். அத்தான் அவரைக் கண்டதும் உள்ளே போய்விடுகிறார். முந்தாநாள், "அந்த ஆள்கிட்ட இனிமே துணி வாங்காதே" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு சட்டைக்குச் சோப்புச் செலவுகூட வராது என்றார்.

நீ சொன்ன மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட். விரலால் தடவினால் எழுத்து மேடுபள்ளமாக இருக்கிறது. அரத்தால் ராவிவிட்டு மேலே வெட்டினது மாதிரி. பெயிண்ட் டப்பா நம் ஏணிக்கடியில் இருக்கிறது, தம்பி. மூடி இன்னும் சரியாகக் காயவில்லை.

பள்ளம் விரல் நுழைகிற அகலம்தான். நம்பர் வேறெங்காவது வெட்டியிருக்குமா? எழுது.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

இருக்கும். வலது பின்சக்கரத்துக்கு உள்பக்கம், நீளச் சட்டத்தின் உள்முகத்தில். சேறும் கிரீஸும் மூடியிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷால் தேய். களவு வண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு எப்போதும் அவசரம். கண்ணில் படுகிற இடத்தோடு விட்டுவிடுவார்கள். வண்டிக்கு அடியில் போகும்போது நாலு சக்கரத்துக்கும் கல் வை. ஜாக்கி மட்டும் போதாது.

விரல் அகலப் பள்ளம் என்றால் கண்ணாடி நிறுத்துகிற சட்டம். அந்த ஆள் கண்ணாடிக் கடைக்காரராக இருக்கலாம். அப்படிக் காட்டிக்கொள்கிற வேறு யாராகவும் இருக்கலாம். திருடினவர்களே வண்டியைத் தேடிவந்த கதை எனக்குத் தெரியும். அவரிடம் நம்பரைச் சொல்லிவிடாதே. அத்தானிடம் முதலில் பேசு. நான் ஜூலைக்கு முன்னால் கிளம்ப முடியாது; எனக்குப் பதில் ஆள் இல்லை. கடல் வேறு கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

தனியாக எதுவும் செய்யாதே, அக்கா.

தம்பி


மே 10

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் துணி அறையில் கிடைத்தது. நீ சொன்னதில் சிலதைத்தான் கேட்டேன். கோபிக்காதே.

மத்தியானம் அத்தான் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கிழிந்த போர்வையை விரித்து, அதன்மேல் படுத்து அடியில் நுழைந்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வழிந்து முகத்தில் சொட்டியது. பிறகு எழுத்து தெரிந்தது, அச்சடித்த மாதிரி, வரிசை கோணாமல். முன்னால் இருப்பதிலிருந்து இரண்டு எண் வேறு.

அத்தானிடம்தான் முதலில் பேசினேன். அந்த நம்பரைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

"எனக்கு யார்டுலயே தெரியும்" என்றார். "முன்னால இருந்ததை ராவியிருந்துச்சு. உள்ள போய்க் கேட்டேன். ஏலம் முடிஞ்சா முடிஞ்சதுதான், வேண்டாம்னா விட்டுட்டுப் போ, பணம் திரும்பாதுன்னான். நான் என்ன பண்ணட்டும்?"

போலீசுக்குப் போகலாம் என்றேன்.

"போனா வண்டி போயிடும். வண்டி போனா ஆஸ்பத்திரி வேலை போயிடும். திருட்டு வண்டி வச்சிருந்தேன்னு என்னையும் உக்கார வைப்பாங்க. இதுல எது நடக்காதுன்னு நீ சொல்லு, நான் இப்பவே கிளம்பறேன்."

அவர் சொன்ன அத்தனையும் நடக்கக்கூடியதுதான். வண்டியைப் பிரித்து விற்கிற ஒருவனிடம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலையில் வருகிறானாம். துண்டு துண்டாகப் போய்விட்டால் யாருடைய வண்டி என்கிற கேள்வியே இல்லை என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் மடிப்பு வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை, அந்த மனிதர் சட்டையை வாங்க வந்தார். அத்தான் ஹோட்டல் துணி கொண்டுபோயிருந்தார். வண்டி இருந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்து அவர் முகம் விழுந்துவிட்டது. முதல் தடவையாக அவராகக் கேட்டார்.

"உள்ள மரச்சட்டம் இருந்துச்சாம்மா, பள்ளம் வெட்டினது?"

இருந்தது, எரித்துவிட்டோம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் எங்கள் கொதிகலனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையால் அடித்ததாம். அதில் நிறுத்தினால் ஒரு கண்ணாடிமேல் இன்னொன்று படாதாம். கட்டடம் ஒன்றுக்கு ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து வண்டியை ஓட்டிப்போய்விட்டார்கள். புகார் கொடுத்தார். நம்பர் பொருந்தவில்லை என்று யார்ட்காரர்கள் அவரை உள்ளேயே விடவில்லை. இப்போது வேறொருவர் கடையில் கண்ணாடி அறுக்கிறார். கீழ்க்கீல் அவரே வெல்டு வைத்ததாம். அதை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்.

"சண்டை போட வரலம்மா. நீங்களும் காசு குடுத்துத்தான் வாங்கியிருப்பீங்க. என்னமோ, பார்க்காம இருக்க முடியல."

நீ சொல்லாதே என்று எழுதியிருந்தாய். நான் வாயால் சொல்லவில்லை, தம்பி. துணிகளுக்குக் காலரில் ஒரு சீட்டுக் குத்துவோமே, அழியாத மையில் எண் எழுதி. அவர் சட்டையில் புதுச் சீட்டு ஒன்று எழுதிக் குத்திக் கொடுத்தேன். காலரைத் தூக்கிப் பார்த்தார். உதடு அசைய ஒருமுறை படித்தார். பிறகு சட்டையை மார்போடு சேர்த்து மடித்துக்கொண்டு, கூலி எவ்வளவு என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இன்று ஞாயிறு. அத்தான் முற்றத்தில் வண்டியைக் கழுவுகிறார், நாளைக்கு வருகிறவனுக்காக. நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பேனா நின்றுவிடுகிறது.

உன்னைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 4

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? அத்தான் எப்படி இருக்கிறார்? மே மாதம் ஒரு படகு வரவே இல்லை, அலை. அடுத்தது வந்தது. மே 10 கடிதம் மட்டும் இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நிலையப் பொறுப்பாளரின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். கரை அலுவலகத்துக்கு ஒரு வரி ஒயர்லெஸ் அனுப்பினார். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து கேட்டார்கள். வந்த பதில் இது: "இப்போது வேறு ஆள் துணி எடுக்கிறார்." அவ்வளவுதான். என்னவென்று அவர்களும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்னவெல்லாம் நினைக்கிறேன் என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய். ரெண்டு வார்த்தை போதும். எழுது.

தம்பி


ஜூன் 16

மச்சானுக்கு,

உன் அக்கா சுகமாக இருக்கிறாள். நானும் இருக்கிறேன். இதை முதலில் எழுதச் சொன்னாள்.

திங்கட்கிழமை அந்தப் பிரிக்கிறவனுக்கு முன்னால் போலீஸ் வந்துவிட்டது. ஜீப்பில் கண்ணாடிக்காரரும் இருந்தார். நம் கடையில் வெளுத்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வண்டியை இழுத்துப்போனார்கள், என்னையும் கூட்டிப்போனார்கள். மறுநாள் சாயங்காலம் விட்டார்கள். ஏலச் சீட்டும் பணம் கட்டின ரசீதும்தான் காப்பாற்றின. நம்பர் மாறியிருப்பது தெரியுமா என்று கேட்டார்கள். பதில் சொன்னேன்.

ஏல அலுவலகத்துக்குப் போனேன். நிபந்தனையில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார் அந்த அதிகாரி. வண்டியின் பூர்வீகத்துக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். பணத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வேலை போய்விட்டது. இரண்டு நாள் துணி எடுக்க ஆள் வராவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். சின்ன ஹோட்டல்கள் இருக்கின்றன. தள்ளுவண்டியில் போய்வருகிறேன்.

உன் அக்கா ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நீ வந்தால் நன்றாக இருக்கும்.

அத்தான்


ஜூலை 8

அன்புத் தம்பிக்கு,

சுகம். இந்தத் தடவை ஒப்புக்கு எழுதவில்லை. உனக்குப் பதில் ஆள் வந்துவிட்டார் என்று தலைமை நர்ஸ் மூலம் சேதி கிடைத்தது. கிளம்புவதற்குள் இது கையில் சேருமோ என்னவோ.

அத்தான் உனக்கு எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஸ்டேஷனில் நானும் இருந்தேன். இன்ஸ்பெக்டர் அவருக்குச் சுலபமான வழியைத்தான் காட்டினார். தெரியாமல் வாங்கிட்டேன்னு எழுதிக் குடுங்க, போதும் என்றார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "யார்டுலயே பார்த்தேன். மேல பெயிண்ட் அடிச்சது நான்தான். சரியான நம்பரைக் கண்டுபிடிச்சது இவ" என்றார். அதற்காகத்தான் ஒரு ராத்திரி அங்கே வைத்துக்கொண்டார்கள். இனிமேல் கூப்பிடும்போதெல்லாம் போக வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் நான் பேச வாயெடுத்தேன். இப்ப வேண்டாம் என்றார். அவர் என்னிடம் மறைத்த கணக்கும் நான் அவரிடம் மறைத்த கணக்கும் அங்கேயே நேராகிவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் ரொம்ப நாள் இஸ்திரிப்பெட்டிச் சத்தம் மட்டும்தான் வீட்டில்.

போன வாரம் கோர்ட்டில் வண்டியைக் கண்ணாடிக்காரரிடம் ஒப்படைத்தார்கள். நம் மனுவுக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். வருஷக்கணக்காகும் என்று வக்கீலே சொல்கிறார்.

நேற்றுக் காலை வாசலில் வண்டிச் சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே வண்டி, பின்பக்கமாக ரிவர்ஸில் முற்றத்துக்குள் வந்து நின்றது. கண்ணாடிக்காரர் இறங்கினார். என்னிடம் அல்ல, அத்தானிடம் போனார்.

"நான் கண்ணாடி ஏத்தறது பத்து மணிக்கு மேலதான். அதுவரைக்கும் வண்டி சும்மா நிக்குது."

அத்தான் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். வாடகை வண்டிக்காரர்களுக்குக் கொடுக்கிறதைக் கொடுங்க என்றார் அவர். அத்தான் தலையாட்டிவிட்டு ஹோட்டல் மூட்டைகளைத் தூக்கிக் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தார். உள்ளே புதுசாக அடித்த மரச்சட்டங்கள் இருந்தன. அவற்றில் இடித்துவிடாமல் ஒவ்வொரு மூட்டையையும் ஒருக்களித்து நுழைத்தார்.

ஏற்றி முடிந்ததும் கண்ணாடிக்காரர் முன்கதவைத் திறந்துவிட்டு நின்றார். அத்தான் அந்தப் பக்கம் போகவில்லை. பின்னால் ஏறி, மூட்டைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்காரர் முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்து, இந்தக் கதவையும் மெதுவாகச் சாத்தினார். தெருமுனை வரைக்கும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பள்ளத்தில்கூட இறக்காமல், உள்ளே நிறையக் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகிறவர்போல ஓட்டிக்கொண்டு போனார்.

பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா